சின்னவள் பேரில் போட்ட நகர்

என் கொழுந்தன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கேத வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது மனுஷரை இல்லை, மனையைத்தான். பந்தலுக்குள் நுழையும்போதே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாலேயே அளந்துவிடுவான். எங்கள் மாமியார் இறந்த அன்று அழுது அழுது முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தவன், துக்கம் கேட்க வந்த ஒருவரிடம், "ஒங்க வீடு கோயிலுக்குப் பின்னால வடக்குப் பாத்த வீடுதான?" என்று கேட்டான். அவர் ஆமாம் என்றார். "அதுக்குப் பக்கத்துல ஒண்ணு சும்மா கெடக்கே, அது யாருது?" என்றான். பெற்ற தாயை நடுவீட்டில் கிடத்திவிட்டுக் கேட்கிற கேள்வியா? நான் எழுந்துபோய் அவன் முதுகில் ஒரு குத்து விட்டேன். அழுதுகொண்டே விட்டதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. பாவம், தாங்க முடியாமல் அடிக்கிறாள் என்றே நினைத்தார்கள்.

அவன் என் வீட்டுக்காரருக்குத் தம்பி. நான் வாக்கப்பட்டு வந்தபோது டவுசரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அதனால் ஊரே அவனைப் பிளாட்காரர், முதலாளி என்று கூப்பிட்ட காலத்திலும் எனக்கு அவன் அவன்தான். மதினியும் கொழுந்தனும் ஒருத்தரை ஒருத்தர் கேலி பேசாவிட்டால் எங்கள் பக்கம் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். எங்களுக்குள் மனஸ்தாபமே கிடையாது.

"மதினி, ஒங்க வாய் இருக்கே, அது கம்பம் ரோடு. ரெண்டு பக்கமும் வண்டி ஓடிக்கிட்டே இருக்கு."

"ஒம் மூளை முட்டுச்சந்துடா. போனது திரும்பி வராது."

இப்படித்தான் காலையில் ஆரம்பிக்கும். ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவனும் அவன் பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்து வைக்கிற புரோக்கராக ஆரம்பித்தவன். ஒரு பழைய மொபெட். அது ஓடிய தூரத்தைவிட அவன் அதைத் தள்ளிய தூரம் அதிகம். மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பான். "என்னடா, உப்புக் காணுதா?" என்று கேட்பேன். "வீடு காணுது மதினி" என்பான். எங்கள் கண்ணுக்குச் சோளத்தட்டை நிற்கிற இடத்தில் அவன் கண்ணுக்கு மாடி வீடும் வாசலில் கோலமும் தெரிந்தன. அப்படி ஒரு கண் இருந்ததனால்தான் பெஞ்சிலிருந்து எழுந்து, சொந்தமாக நிலம் வாங்கி, ரோடு போட்டு, கல் ஊன்றி, நகர் என்று பேர் வைத்து விற்கிற அளவுக்கு வந்தான்.

வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவான். கோணல் வகிடுதான் வரும், ஆனாலும் அவன்தான் பின்னுவான். எந்த ஊரில் என்ன பேச்சுவார்த்தையில் இருந்தாலும் மத்தியானம் போன் வந்துவிடும்: "புள்ளைக சாப்ட்டுச்சுகளா? என்ன கொழம்பு?" சாயங்காலம் வரும்போது பெண்டாட்டிக்கு மல்லிகைப் பூவும் எனக்கு ஒரு சரமும் வாங்கி வருவான். என் வீட்டுக்காரர் போன பிறகு, இலையில் பொதிந்த ஒன்று எனக்கு வருவது நிற்கவில்லை. பூவுக்குப் பதில் அல்வா. அது என்ன, ஏது என்று அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "எனக்குப் பல்லு விழுகட்டும்னு வாங்கியாறியா?" என்று மட்டும் கேட்பேன்.

நகருக்குப் பேர் வைக்கிறதில் இந்த வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவள் பேர், பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர். வீட்டுப் பொம்பளை ராசியில் வித்துப்போகும் என்று நம்பிக்கை. முதல் நகருக்குத் தாய் பேர். அடுத்து மூத்த மகள் பேரில் ஒன்று, கம்பம் ரோட்டு மேலேயே. சித்திரைத் திருவிழா முடிவதற்குள் அத்தனை மனையும் போய்விட்டது. மூத்தவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவள் கை பட்டால் விளங்கும் என்று தெருவில் விதை நெல்லை எடுத்துக்கொடுக்கச் சொல்லிக்கூடக் கூப்பிட்டார்கள்.

"எம் பேர்ல எப்படா நகர் போடுவ?" என்று கேட்டேன்.

"ஒங்க பேர்ல போட்டா பக்கத்து வீட்டோட பக்கத்து வீடு சண்டை போட்டே செத்துப்போகும் மதினி. எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நகர் இருக்கிறது, எனக்கு இல்லை என்று இரண்டு நாள் சோறு தின்னவில்லை. இவன் உச்சி முகர்ந்து, "ஒனக்கு அதைவிடப் பெருசாப் போடுறேன் ஆத்தா, பஸ்ல போறவுகளுக்கெல்லாம் தெரியுற மாதிரி" என்று சொன்னான். சொன்னதைச் செய்தான். அதுதான் கஷ்டம்.

அவள் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊர் எழுதினதே போதும்.

மலையடிவாரத்துப் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் மொச்சை போடுவார்கள், பெய்யாவிட்டால் ஆடு மேயும். அந்தப் பக்கமாகப் புது ரோடு வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. இவன் மண்ணை முகர்ந்தான், வீடு கண்டான், வாங்கினான். பஸ் போகிற ரோட்டு மேலேயே பெரிய வளைவு கட்டி அவள் பேரைச் சிமெண்டு எழுத்தில் வைத்து, எழுத்துக்கு மஞ்சள் பெயிண்டு அடித்தான். திறப்பு விழாவுக்குக் குமுளி மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிற நம் ஊர் ஆட்களை வேன் வைத்துக் கூட்டி வந்தான். காலமெல்லாம் தோட்டத்து லயத்தில், அதுதான் வரிசையாகக் கட்டிக் கொடுக்கிற ஒற்றை அறை வீட்டில், கிடக்கிற சனம். வயதான பிறகு கீழே வந்து சொந்த வீட்டில் உட்காரலாம் என்று ஆசை. பட்டுப் பாவாடையோடு சின்னவள்தான் ரிப்பன் வெட்டினாள். மலைக்காற்று ஒரு அடி அடித்து ஷாமியானாவைத் தூக்கிப் பிரியாணி அண்டாவின் மேல் போட்டது. "பாத்தியா, காத்தோட்டமான எடம்!" என்று அதையும் சேர்த்து விற்றான் என் கொழுந்தன்.

புது ரோடு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமாக வந்தது.

தண்ணீருக்குப் போர் போட்டார்கள், புழுதிதான் வந்தது. வாங்கினவர்கள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீரும் ரோடும் வரட்டும் என்று மலைக்கே திரும்பிப் போனார்கள். ஒருத்தரும் வீடு கட்டவில்லை. ஊன்றின கல்லைச் சுற்றிச் சீமைக்கருவேலம் ஏறியது. ஆள் இல்லாத இடம் என்றால் குப்பைக்குத் தெரிந்துவிடும் போல. முதலில் கோழிக்கடைக் கழிவை யாரோ மூட்டை கட்டி வீசினார்கள். பிறகு கல்யாண மண்டபத்து எச்சில் இலை. பிறகு விடியும் நேரத்தில் குப்பை லாரியே வர ஆரம்பித்தது. வளைவுக்குக் கீழே நுழைந்து, தார் ரோடு முடிகிற இடத்தில் கொட்டிவிட்டுப் போகும்.

அந்த இடத்துக்குத்தான் பேர் இருக்கிறதே, ஊர் அதையே சொன்னது. "செத்த நாயை எங்கன போட்டீக?" என்றால் அவள் பேரைச் சொல்லி, நகரில் போட்டோம் என்பார்கள். யாரும் வம்புக்குச் சொல்லவில்லை. அந்தப் பேரில் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் தெருவிலேயே ஒருத்தி, எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, தன் வீட்டுக்காரரிடம், "இந்த அழுகின முட்டைக்கோசையெல்லாம் அங்க கொண்டுபோயிக் கொட்டிட்டு வாங்க, தெருவே நாறுது" என்று பேரோடு சொன்னாள். சின்னவள் அப்போது படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னவள் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்தாள். சின்னவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

சின்னவள் உத்தமபாளையத்தில் காலேஜுக்குப் போகும் பஸ் அந்த வளைவைத் தாண்டித்தான் போகும். கண்டக்டர் ஸ்டாப் பேரைச் சத்தமாகச் சொல்லுவார். யாரும் இறங்குவதில்லை, ஆனாலும் சொல்லுவார். பஸ்ஸில் இருக்கிற பையன்கள் எல்லோரும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பார்கள். நாற்றத்துக்குத்தான் வைத்தார்கள். இவளுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. இவளைக் கூப்பிடுகிறபோது தோழிகள்கூடப் பேரை விட்டுவிட்டு "ஏய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதைக்கு.

படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்தோம். பெரியகுளத்துப் பக்கம் மாந்தோப்புக்காரர்கள். ஜாதகம் பார்த்து, பொருத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. காபி குடித்துக்கொண்டே கேட்டார், "பேரு என்னம்மா சொன்னீக?"

சொன்னோம். அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"வழியில ஒரு வளைவு பாத்தோம். அதுலயும் இதே பேரு."

"எம் மக பேர்லதாங்க போட்டேன்" என்றான் கொழுந்தன். பழக்கம். எங்கே நகர் என்று வந்தாலும் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும் அவனுக்கு.

கூட வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை சிரித்துவிட்டாள். "ஆத்தாடி, மூக்கைப் புடிச்சுக்கிட்டு வந்தோம் அங்கன!"

நான் சும்மா இருப்பேனா? "அது ஒண்ணுமில்ல, புள்ளைக்குக் கண்ணு பட்ரக் கூடாதுல்ல, அதுக்கு வாசல்ல பூசணிக்காய் கட்டுறாப்புல அப்பிடி வச்சிருக்கோம்" என்றேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் காலடியில் இருந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்துத் தகவல் வந்தது. ஜாதகம் சரியாக அமையவில்லையாம். பொருந்தின ஜாதகம் வழியில் கெட்டுப்போயிருக்கும் போல. அதற்குப் பிறகு வந்தவர்களும் காபியோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளை பேரில் போட்டது விளங்கவில்லை, அவளைக் கட்டினால் நமக்கு விளங்குமா என்று வெளியே பேசிக்கொள்வதாகத் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா ராசி என்று கொண்டாடின அதே வாய்கள்தான்.

அன்றைக்குத்தான் சின்னவள் வாயைத் திறந்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"எதுக்குப்பா எம் பேரை வச்சீக?"

"நீதான ஆத்தா கேட்ட?"

"அப்ப நான் சின்னப் புள்ள. நெலா வேணும்னுகூடத்தான் கேட்டேன். எல்லாத்தையும் மறந்துட்டீக. இதை மட்டும் ஏம்ப்பா ஞாபகம் வச்சீக?"

சோற்றில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. குழம்பு காய்ந்து ஒட்டிப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். என் ஓரகத்தி, அதுதான் அவன் பெண்டாட்டி, தண்ணீர் எடுத்து அவன் கையில் ஊற்றினாள்.

அதிலிருந்து அவனுக்கு வேறு தொழில் இல்லை. புது இடம் பார்ப்பதை விட்டான். மகள் பேரை ஊர் வாயிலிருந்து மீட்க வேண்டும். அது ஒன்றுதான். பேரை மாற்றிவிடலாம் என்று ஆபீஸுக்குப் போனான். வரைபடமே அந்தப் பேரில்தான் பாஸ் ஆகியிருக்கிறது, வாங்கின அத்தனை பேர் பத்திரத்திலும் அதுதான் இருக்கிறது, லேசில் ஆகாது என்றார்கள். வெளியே உட்கார்ந்திருந்த பத்திரம் எழுதுகிறவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அய்யா, நகர் பேரை மாத்துறதுதான் கஷ்டம். ஒங்க மக பேரை மாத்திரலாம், அது ரொம்ப லேசு" என்றாராம். அவர் உதவியாகத்தான் சொல்லியிருக்கிறார். இதைக் கொழுந்தன் அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. கிணற்றடியில் நான் துவைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று என்னிடம் சொன்னான். நான் சோப்பை விட்டுவிட்டுத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வளைவில் இருந்த எழுத்துகளையாவது எடுத்துவிடலாம் என்று கொத்தனாரை வைத்துக் கொத்தி எடுத்தான். எழுத்து இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்த் தெரிந்தது. மஞ்சள் பெயிண்டில் இருந்ததைவிட இப்போது நன்றாகப் படிக்க முடிந்தது.

பிறகு ஒரு நாள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னான்.

"அங்கன ஒரு வீடு கட்டப் போறேன். நாம போயி இருப்போம்."

என் ஓரகத்தி அதிர்ந்து பேசுகிறவள் இல்லை. அவளே எழுந்துவிட்டாள். "பாம்புக்கும் பன்னிக்கும் நடுவுலயா? வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு?"

"நாம போனா நாலு பேரு வருவாக. நாலு பேரு வந்தா குப்பை போயிரும். குப்பை போயிட்டா..." என்று சொல்லிக்கொண்டே சின்னவளைப் பார்த்தான்.

"எம் பேர்ல நாறுற எடத்துல நான் குடியிருக்கணுமா? நீங்க போங்கப்பா" என்றாள் அவள்.

போங்கப்பா என்றால் போகச் சொல்வதா? கோபத்தில் சொல்வது. ஆனால் என் கொழுந்தன் வாய் வார்த்தையை அப்படியே பத்திரத்தில் எழுதினதாக எடுத்துக்கொள்கிற ஆள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் தகரக் கொட்டகை. கட்டி முடித்து, பாய் தலையணையோடு போய்விட்டான். அந்த மாதமே சின்னவள் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே அவள் பேர் வெறும் பேர்தான். அதற்குப் பின்னால் எதுவும் கிடையாது.

விடியும்போது எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியை வளைவுக்குக் கீழே நடு ரோட்டில் போட்டு, பிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்துகொள்வான். லாரி வரும். அந்த டிரைவருக்கும் இவனுக்கும் நடக்கிற பேச்சை ஒரு காலையில் நானே கேட்டேன்.

"தள்ளுங்கய்யா, நேரமாகுது."

"இது குடியிருப்புப் பகுதிப்பா. ஆள் இருக்கேன்ல?"

"ஒத்த ஆளா?"

"ஒத்த ஆளும் ஆளுதாம்ப்பா. டீ குடிக்கிறியா?"

டிரைவர் இறங்கி டீ குடிப்பார். குடித்துவிட்டு லாரியைப் பின்னால் எடுத்து, வளைவுக்கு வெளியே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார். உள்ளே வரவில்லை என்பதில் இவனுக்கு ஒரு திருப்தி. காற்று மட்டும் மரியாதை தெரியாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஓரகத்தி சமைத்துக் கொடுப்பாள். நான் ஷேர் ஆட்டோவில் தூக்குவாளியோடு போவேன். அவளும் சில நாள் வருவாள், வீட்டைக் கூட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவாள். என்னைக் கூட்டிக்கொண்டு இவன் சுற்றிக் காட்டுவான், ஏதோ நான் மனை வாங்க வந்த மாதிரி.

"இது பார்க்கு, மதினி."

கருவேலத்துக்கு நடுவில் ஒரு ஓணான் எங்களைப் பார்த்துத் தலையாட்டியது.

"ஊஞ்சல் எங்கடா?"

"வரும்."

"தண்ணி?"

"வரும் மதினி. எல்லாம் வரும்."

"நீ எப்ப வீட்டுக்கு வருவ?"

அதற்கு மட்டும் வரும் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் போன் போடுவான். சாப்ட்டியா? ம். என்ன கொழம்பு? சாம்பார். அதுவரை சரியாகப் போகும். "ஆத்தா, இன்னைக்கு ரெண்டு பேரு வந்து எடத்தைப் பாத்துட்டுப் போனாக" என்று இவன் ஆரம்பித்ததும், "வேலை இருக்குப்பா" என்று வைத்துவிடுவாள். அப்போதுதான் நாற்பதைத் தாண்டினவனைப் போல நடந்துகொண்டிருந்தவன் அங்கே போன பிறகு கிழவனாகிப்போனான். நாலு எட்டு நடந்தால் நெஞ்சைப் பிடித்தான். தேனியில் டாக்டர் பார்த்துவிட்டுத் தனியாக இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

"நான் வந்துட்டா மறுநாளே லாரி உள்ள வந்துரும் மதினி" என்றான். அவ்வளவுதான் அவன் பதில்.

போன ஐப்பசியில் ஒரு நாள் நான் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் ஓடி வந்தான். நெஞ்சு வலி எங்கே போனதோ. "மதினி, மொத வீடு!" என்றான். ஏலத்தோட்டத்தில் இருந்து ஓய்வு பெற்று இறங்கின ஒருவர், திறப்பு விழாவுக்கு வேனில் வந்தவர்களில் ஒருத்தர், பெண்டாட்டியோடு வந்திருந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்களாம். இவன் அங்கே குடியிருப்பதைப் பார்த்துவிட்டு, "மொதலாளியே இங்க இருக்கீகன்னா பின்னே எனக்கு என்ன?" என்று அடுத்த வாரமே கல்லும் மணலும் இறக்கிவிட்டார்.

"மொத வீடா? அப்ப நீ இருக்கிறது?"

"அது ஆபீசு மதினி. இதுதான் வீடு."

உடனே சின்னவளுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போடவில்லை. "வேலையா இருப்பா. நேர்ல வரும்போது கண்ணால பாக்கட்டும்" என்றான்.

அவரது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வருவதாக இருந்த காலையில்தான் அது நடந்தது. லாரி வந்திருக்கிறது. நாற்காலி நடு ரோட்டில். டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறார். அசையவில்லை. வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்து விடாமல் அடித்திருக்கிறார். பிறகு இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார். எங்களுக்குப் போன் பண்ணினது அவர்தான். நாங்கள் போகும் வரை, நாற்காலியிலிருந்து சரிந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "டீ குடிக்கச் சொல்வாகளேன்னு நெனச்சேன்மா" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று லாரி குப்பையோடு அப்படியே திரும்பிப் போனது.

தெருப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கேட்டு வந்தார்கள். "எங்கருந்து எடுக்குறதாப் போடணும்?" என்றார்கள். குடியிருந்தது நகரில், சொந்த வீடு தெருவில். மூத்தவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து தகப்பன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"தெரு வீடுன்னே போடுங்க" என்றாள்.

அப்படியே போட்டார்கள். மகளின் பேர் நல்லபடியாக நாலு பேர் வாயில் வர வேண்டும் என்று போய்ச் செத்தவனுக்கு, அவன் போன இடத்தின் பேர் இல்லாமலே போஸ்டர் ஒட்டினது ஊர். கேத வீட்டில் நான் ஒப்பாரி பாட ஆரம்பித்தால் கேலியும் சேர்ந்துதான் வரும், எல்லோருக்கும் தெரியும். சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகள் என் வாயையே பார்த்தார்கள். வரவில்லை. ஒரு அடிகூட வரவில்லை.

கருமாதி முடிந்த அன்று மத்தியானம், அந்த ஏலத்தோட்டத்துக்காரர் பெண்டாட்டியோடு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஆத்தா, ஒங்கப்பா இருக்காகன்னு நம்பித்தான் கல்லு எறக்குனேன். லயத்து வீட்டையும் ஒப்படைச்சிட்டோம். பின்னே, இனி அந்தக் காட்டுல நாங்க ரெண்டு கெழடு மட்டும்..."

மூத்தவளின் புருஷன் நல்ல பிள்ளை, நடைமுறை தெரிந்தவர். "விட்ருங்கய்யா. கல்லை வேற எடத்துக்கு எடுத்துக்கிருங்க. அது இனிமே அவ்வளவுதான்" என்றார். என் ஓரகத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் தெரிந்ததும்.

சின்னவள் எழுந்து உள்ளே போனாள். நகர் வீட்டுச் சாவியை எடுத்து வந்து அந்தம்மாவின் கையில் கொடுத்தாள்.

"ஒங்க வீடு முடியுற வரைக்கும் அங்க இருங்க. முடிஞ்ச பெறகும் இருங்க. யாரும் கேக்க மாட்டோம்."

"நீங்கல்லாம் வருவீகளா ஆத்தா?"

"இல்ல, நான் வரமாட்டேன்."

பொய்யாகக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அப்பன் மாதிரி இல்லை. இல்லாத தண்ணீரையும் ஊஞ்சலையும் வரும் என்று சொல்கிற வாய் அவளுக்கு இல்லை.

"லாரி வந்தா என்ன சொல்றது?" என்று கேட்டார் அவர்.

"ஆள் இருக்குன்னு சொல்லுங்க."

அந்தம்மா சாவியைத் தலைப்பில் முடிந்துகொண்டே தயங்கினாள். "குடிக்கவாச்சும் தண்ணி வேணுமே தாயி."

சின்னவள் அப்பாவின் போனை எடுத்தாள். அதில் தண்ணீர் டேங்கர்காரர் நம்பர் இருந்தது. அது காதில் வைத்தால் கேட்காத போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், அந்தப் பக்கம் பேசுகிறதும் எல்லோருக்கும் கேட்கும். வைக்கச் சொல்லிவிடலாமா, நான் பேசட்டுமா என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"ஒரு லோடு தண்ணி வேணும்ண்ணே."

"எங்கன எறக்கணும்?"

அவள் தன் பேரைச் சொன்னாள். அதற்குப் பின்னால் நகர் என்று சேர்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அது இரண்டும் சேர்ந்து வந்து கேட்டேன்.

"எதும்மா? அந்தக் குப்பைமேடா?"

வீட்டில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். நான் மட்டும் தலையை நிமிர்த்தினேன். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"ஆமாண்ணே, அதேதான். அங்கனதான் எங்கப்பா குடியிருந்தாக. இப்ப வேற ஆளுக வாராக. கொண்டுபோயி விடுங்க."

மறுநாள் சாயங்காலம்தான் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாம். அதற்குள் அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள்.